சாலையோட்டம் கற்பித்த பாடம்

ஓட்டப்பந்தயம் என்றதும் மாணவர்களாகிய உங்கள் மனக்கண்முன் சுண்ணாம்புக் கோடு கிழித்த விளையாட்டு மைதானம் தோன்றும். அங்கே தரை சமமாக இருக்கும். தூரம் அளந்து வைக்கப்பட்டிருக்கும். ஓடுபவர் எங்கே இடறி விழுந்தாலும் ஆசிரியர் கண்ணில் படாமற் போகார். சாலையோட்டம் அத்தகையதன்று. மேடும் பள்ளமும், புழுதியும் சேறும், வண்டியும் மாடும், வெயிலும் மழையும் இருளும் ஓடுபவரோடு போட்டி போடுகின்றன. அதனால்தான் சாலையோட்டத்தின் வரலாற்றைப் படிப்பவர் வென்றவர் பெயர்களை மட்டும் படித்து நிறுத்திவிடலாகாது. பந்தயத்தை நடத்தியவர்கள் எங்கே தவறினார்கள், எதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். அந்த வரலாற்றில் சில பகுதிகளை உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நான் போச்சம்பள்ளிப் பகுதியைச் சேர்ந்தவன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மத்தூருக்கும் பாரூருக்கும் அண்மையில் அமைந்துள்ளது எங்கள் ஊர். மேற்கே ஓசூர் மேட்டுநிலம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே குளிர்ந்த காற்று வீசும்; அப்பால் கர்நாடகத்தின் எல்லை. எங்கள் பக்கமோ தாழ்ந்த நிலம். கோடையில் பாறையும் சாலையும் ஒருசேரக் காயும். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் ஏரிக்கரையும் இருந்த இடங்களுக்கு அருகே இன்று தொழிற்பேட்டைகள் எழுந்துள்ளன. விடியுமுன் எங்கள் சாலைகளில் ஓடிப் பழகும் இளைஞர்களைக் காணலாம். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடிக் கடக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு சிறப்புக் காவற்படையின் 7ஆம் அணி போச்சம்பள்ளியிலேயே இருப்பதால், அந்தச் சீருடையை நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு ஓட்டம் பொழுதுபோக்கு அன்று, பிழைப்புக்கு வழி. பொங்கல் நாட்களில் ஊர்தோறும் இளைஞர் மன்றங்கள் சாலையோட்டப் போட்டி வைப்பதும் உண்டு. ஆகவே நான் சொல்லப்போகும் வரலாறு எங்கோ நடந்த கதையாக உங்களுக்குத் தோன்ற வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சாலைகளில் முதன்முதல் முறையாக ஓடியவர்கள் பரிசுக்காக ஓடியவர்கள் அல்லர், கடிதத்துக்காக ஓடியவர்கள். மைசூரில் சிக்கதேவராய உடையார் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ‘அஞ்செ’ என்னும் தபால் முறை ஏற்பட்டது. அது 1889ஆம் ஆண்டில் இந்திய அரசின் அஞ்சல் துறையோடு இணையும்வரை நிலைத்திருந்தது. சென்னையில் 1786ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ஆம் தேதி தலைமை அஞ்சலகம் தொடங்கியது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, எங்கள் பகுதி அடங்கிய பாராமகால் நாடு திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் என்பவரும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரி அலுவல் பார்த்தனர். மைசூரின் அஞ்செ ஒரு பக்கமும் சென்னையின் தபால் மறுபக்கமுமாக, இரண்டு அஞ்சல் முறைகளுக்கு நடுவே அமைந்தது எங்கள் எல்லைப்புறம்.

தபால் ஓட்டக்காரரின் தோளில் ஒரு பை. கையில் சதங்கை கட்டிய கோல் அல்லது ஈட்டி. சில மைல் ஓடியதும் பையை அடுத்தவரிடம் ஒப்படைப்பார்; அவர் அடுத்த நிலைவரை ஓடுவார். காட்டுவழியில் இரவு நேரங்களில் தீப்பந்தம் பிடிப்பவர் உடன் செல்வதும், பறை கொட்டுபவர் உடன் செல்வதும் உண்டு. சதங்கை ஒலி பாம்பையும் விலங்கையும் விலக்கும். அடுத்த நிலையில் காத்திருப்பவரையும் எழுப்பிவிடும். இலங்கைத் தமிழர் கையிலிருந்து கைக்குக் கோல் மாற்றி ஓடும் பந்தயத்தை இன்றும் ‘அஞ்சலோட்டம்’ என்றே வழங்குகின்றனர். அந்தப் பெயரே வரலாற்றுச் சான்றாக நிற்கிறது அல்லவா?

இந்தத் தபால் ஓட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரே மனிதனை நூறு மைல் ஓடவிடவில்லை. தூரத்தைப் பங்கிட்டார்கள். இருளுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். அச்சத்துக்குத் துணை கொடுத்தார்கள். அன்பினால் செய்தார்கள் என்று சொல்ல நான் துணியேன். பை சேர வேண்டுமானால் ஆள் சேர வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்ட பிறகு நெடுஞ்சாலைத் தபாலை மெல்ல மெல்ல ரயில் ஏற்றுக்கொண்டது. ஓட்டக்காரர்கள் கிளை வழிகளிலும் மலைவழிகளிலும் நெடுநாள் ஓடினர்.

கணக்குத் தெரிந்த அந்தத் தபால்காரர்களுக்கு இருந்த முன்யோசனை, பிற்காலத்தில் பெரிய பந்தயங்களை நடத்தியவர்களிடம் இல்லாமற் போனது வியப்புக்குரியது. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்றது. மாரத்தான் ஓட்டத்தை ஆகஸ்டு மாதத்தில், பிற்பகல் வெயிலில் தொடங்கினார்கள். சாலை மண்சாலை. முன்னும் பின்னும் சென்ற மோட்டார் வண்டிகள் எழுப்பிய புழுதி ஓடுபவர் மூச்சில் புகுந்தது. வழியில் தண்ணீர் கிடைத்த இடமோ மிக அரிது. 32 பேர் புறப்பட்டனர். 14 பேர்தாம் முடித்தனர். புழுதியை விழுங்கிய ஒருவர் உட்புறம் இரத்தம் கசிந்து சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். முதற் பரிசு பெற்ற தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு வழியில் ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சைச் சிறு அளவில் மருந்தென்று கொடுத்து ஓடவைத்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து ஓடிய லென் டவுன்யானே என்பவரை நாய் துரத்தியதால் அவர் வழிவிலகி ஓட நேர்ந்தது. அப்படியும் ஒன்பதாவதாக வந்து சேர்ந்தார்.

எட்டு ஆண்டுகள் சென்றன. 1912ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் மாரத்தான் ஓடிய நாள் அந்நாட்டுக்கு வழக்கமில்லாத வெயில் நாள். ஓடியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இடையில் நின்றுவிட்டனர். போர்ச்சுகல் நாட்டு இளைஞர் பிரான்சிஸ்கோ லாசரோ சாலையில் விழுந்து, மறுநாள் இறந்தார். புதிய ஒலிம்பிக் பந்தயங்களில் ஓட்டத்தின்போது வீழ்ந்து மாண்ட முதல் வீரர் அவரே. அதே பந்தயத்தில் ஓடிய ஜப்பானியர் சிசோ கனகுரி, வெயில் தாங்காமல் சாலையோரத்து வீட்டுத் தோட்டமொன்றில் ஒதுங்கினார். அங்கிருந்தவர்கள் அவரை உபசரித்தனர். தோல்வி வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். 1967ஆம் ஆண்டு சுவீடன் நாட்டார் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் செய்தனர். புறப்பட்டதிலிருந்து அவர் முடிக்க எடுத்துக்கொண்ட காலம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20 நொடி என்று அறிவித்தார்கள்! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒதுங்கியவர் உயிரோடிருந்து சிரித்தார். ஒதுங்காதவர் மாண்டார் என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் நாட்டவர் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில் முதன்முதல் ஓடிய கதையும் எளிய சாலையோட்டத்தில்தான் தொடங்குகிறது. 1919ஆம் ஆண்டளவில் பூனாவிலுள்ள டெக்கான் ஜிம்கானா விளையாட்டுக் கழகம் போட்டிகள் நடத்தியது. அதன் தலைவராயிருந்த சர் தோராப்ஜி டாடா, வெறுங்காலோடு ஓடிய உழவர் வீட்டு இளைஞர்களைக் கண்டார். முறையான பயிற்சியோ நல்ல உணவோ இல்லாத அவர்கள் ஓடிய வேகம் அவரை வியக்க வைத்தது. அவருடைய முயற்சியாலும் பொருளுதவியாலும் 1920ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் நகருக்கு இந்திய அணி ஒன்று சென்றது. அவர்களுள் ஒருவர், எங்கள் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் பெல்காம் நகரத்தவரான பி. டி. சௌகுலே. அன்று மழையும் குளிரும் சேர்ந்திருந்தன. தூரமும் வழக்கத்தை மீறி 42.75 கிலோமீட்டர். வெப்பநாட்டில் பழகிய சௌகுலே 2 மணி 50 நிமிடத்துச் சொச்சத்தில் ஓடி 19ஆம் இடம் பெற்றார். பழக்கமில்லாத வானிலையில் அயல்நாட்டுச் சாலையில் முதன்முறை ஓடியவருக்கு அது சிறிய வெற்றியன்று.

வெயில் பெரும்பகை என்பதை நடத்துபவர்கள் உணர்ந்து, நேரத்தையே மாற்றிய நிகழ்ச்சி 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்தது. செப்டம்பர் 10ஆம் தேதி மாலையில் ஓட்டம் தொடங்கியது. பொழுது சாய்ந்தபின் பழைய அப்பியன் சாலையில் இராணுவ வீரர்கள் தீப்பந்தம் ஏந்தி நிற்க, அந்த ஒளியில் ஓடினார்கள். எத்தியோப்பிய வீரர் அபெபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் முதல்வராக வந்தார். காட்டுவழித் தபால்காரனுக்குப் பிடித்த பந்தம், இப்போது உலக வீரனுக்கும் வழி காட்டியது.

ஆயினும் நேரத்தை மாற்றிவிட்டால் மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. 2019ஆம் ஆண்டு கத்தார் நாட்டுத் தோகா நகரில் உலகப் போட்டி நடந்தபோது, பெண்கள் மாரத்தான் ஓட்டத்தை நள்ளிரவில் தொடங்கினார்கள். புறப்பட்டவர் 68 பேர். முடித்தவர் 40 பேர்தாம். சூரியன் இல்லை, வெப்பமும் காற்றின் ஈரமும் இருந்தன. இதன் காரணத்தை அறிவியல் படிக்கும் மாணவர் எளிதில் உணர்வர். ஓடும்போது தசைகளில் பெரும் வெப்பம் உண்டாகிறது. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும்; உடலின் வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். அதனால் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்துப் பந்தயத்தை நடத்தலாகாது. ஈரப்பதத்தையும் வெயிலையும் காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தோகா ஓட்டத்துக்குப் பிறகு, டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை வடக்கே குளிர்ந்த சப்போரோ நகருக்கு மாற்றத் தீர்மானித்தார்கள். கொள்ளைநோயால் ஓராண்டு தள்ளிப்போய் 2021ஆம் ஆண்டில் அது நடந்தபோது, அங்கும் எதிர்பாராத வெப்பம். பெண்கள் ஓட்டத்தின் தொடக்க நேரத்தை முதல்நாள் மாலையில் காலை 7 மணியிலிருந்து 6 மணிக்கு மாற்றினார்கள். உலகம் முழுவதும் பார்க்கும் பந்தயத்தையே கடைசி நேரத்தில் மாற்றலாம் என்றால், நம் ஊர்ப் பந்தயத்தை மாற்றுவதில் என்ன மானக்கேடு?

கொள்ளைநோய் பரவிய 2020ஆம் ஆண்டு மற்றொரு புதுமையைக் கண்டது. லண்டன் மாரத்தான் ஓட்டத்தில், தேர்ந்த வீரர்கள் மட்டும் ஒரு பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓடினர். மற்றவர்கள் தத்தம் ஊரிலேயே, ஒரே நாளில், தனித்தனியே அதே தூரத்தை ஓடி முடித்தனர். கூட்டம் கூடாமலே சமுதாயப் பந்தயம் நடத்த முடியும் என்பது அப்போது தெரிந்தது. நம் நாட்டிலோ 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி லடாக்கில் உறைந்து கிடந்த பாங்கோங் ஏரியின்மேல் 21 கிலோமீட்டர் ஓட்டம் நடத்தினார்கள். பனிக்கட்டி உருகி மறைந்துவிட்டால் இதுவே கடைசி ஓட்டமாகிவிடும் என்று உலகை எச்சரிப்பது அவர்கள் நோக்கம்.

இவ்வளவு அறிவு சேர்ந்த பிறகும் கொடுமை நிகழ்வதுண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் தேதி சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினர். மலையேற்றப் பகுதியில் கடுங்காற்றும் மழையும் ஆலங்கட்டியும் திடீரெனத் தாக்கின. மெல்லிய உடையணிந்த வீரர்கள் குளிரில் விறைத்தனர். ஊர்தி செல்ல வழியில்லாத அந்த இடத்தில் உதவி உடனே வரவில்லை. 21 பேர் மாண்டனர். அவர்களுள் அந்நாட்டின் புகழ்பெற்ற நெடுந்தூர வீரர்களும் இருந்தனர். அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகைக்கு ஆறு பேரைக் கொண்டுசேர்த்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். கருவிகளும் அதிகாரிகளும் செய்யத் தவறியதை ஓர் ஆட்டிடையரின் போர்வையும் நெருப்பும் செய்தன. இந்நிகழ்ச்சியை நான் உங்களுக்கு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே இறந்தவர்கள் பலவீனர் அல்லர். உடல் வலிமை மட்டும் ஓடுபவரைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். போச்சம்பள்ளிப் பக்கத்தில் ஒரு சாலையோட்டம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். முதலில் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாயிற்றே என்று அந்நாளைக் குறித்துவிடக் கூடாது. அன்று எங்கள் ஊரில் பெரும் வாரச்சந்தை கூடும். ஆடும் கோழியும் தானியமும் ஏற்றிய வண்டிகள் விடியற்காலையிலேயே சாலையை நிரப்பிவிடும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள் வெயிலுக்கும் மாம்பழ லாரிகளுக்கும் உரியவை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உரியவை. தை மாதத்து விடியற்காலையே நமக்கு உகந்த நேரம். அப்போதும் பனிமூட்டம் இருந்தால் ஓட்டுநர் கண்ணுக்கு ஓடுபவர் தெரியமாட்டார். மூட்டம் விலகும்வரை பொறுத்தல் வேண்டும். தொழிற்சாலைப் பேருந்துகள் முறை மாறும் நேரத்தையும் விசாரித்து அறிதல் வேண்டும்.

ஆனால் நாம் செய்வதென்ன? காலை 6 மணிக்குத் தொடங்கும் என்று துண்டறிக்கை அச்சிடுகிறோம். தலைமை விருந்தினர் வரவில்லை என்று காத்திருக்கிறோம். அவர் வந்தபின் மாலை, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை. கொடி அசைக்கும்போது மணி 9 ஆகிவிடுகிறது. பிள்ளைகள் அதுவரை வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிறார்கள். பின்பு சுடத் தொடங்கிய தார்ச்சாலையில், பலர் செருப்பில்லாமலும் ஓடுகிறார்கள். இத்தகைய போட்டி ஒன்றில் இரு மாணவர் மயங்கி விழக் கண்டிருக்கிறேன். நல்லவேளையாக வழியிலிருந்த தோப்புக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்துத் தெளிய வைத்தார். நல்லவேளையை நம்பிப் பந்தயம் நடத்தலாமா? செயின்ட் லூயி நகரத்தார் 1904ஆம் ஆண்டில் செய்த பிழையை நாம் மீண்டும் செய்யலாமா? முதலில் ஓட்டம், ஓடி முடித்து இளைப்பாறிய பிறகு உரைகள் என்று முறையை மாற்றிவிட்டால் எந்த விருந்தினரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அடுத்து, தண்ணீர். நெடுந்தூரச் சாலையோட்டங்களில் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஓரிடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும் என்று உலகத் தடகள விதி கூறுகிறது. வெயில் மிகுந்தால் இன்னும் நெருக்கமாக வைப்பது நலம். இது நமக்குப் புதிய செய்தியா? வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப்பந்தல் அமைப்பதை அறமாகப் போற்றிய நாடு நம் நாடு. சித்திரை வெயிலில் மண்பானையும் நீர்மோரும் வைத்துக் காத்திருக்கும் பெரியவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்; ஓட்டப் பாதை முழுவதும் பந்தல் எழும்.

மூன்றாவது, கடைசியில் வருபவர். முதலில் வருபவரை அனைவரும் பார்க்கிறோம். அவருக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் செல்கிறது. பின்னால் ஆரவாரம் செல்கிறது. உதவி தேவைப்படுவதோ பெரும்பாலும் பின்னால் தள்ளாடி வருபவருக்கு. அவர் பின்னே ஒருவர் மிதிவண்டியில் வர வேண்டும். புறப்பட்டவர் எத்தனை பேர், சேர்ந்தவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களும் ஒத்துப்போகும்வரை பந்தயம் முடிந்ததாகக் கொள்ளலாகாது. ஒருவர் குறைந்தாலும் தேடிப் போக வேண்டும்.

மாணவர்களே, ஓடுகிற உங்களுக்கும் ஒரு சொல். தலை சுற்றினாலோ, வியர்வை நின்று உடல் கொதித்தாலோ, குளிர்ந்து நடுங்கினாலோ, நின்றுவிடுங்கள். நிற்பது கோழைத்தனம் அன்று. கனகுரி நின்றார், பிழைத்தார், 75 வயதில் வந்து முடித்தார். உங்கள் தோழர் அப்படித் தள்ளாடக் கண்டால், உங்கள் பரிசு போனாலும் போகட்டும் என்று நின்று அவரைத் தாங்குங்கள்.

பழங்காலத் தபால்காரர் ஓடிய வழியில் இன்று லாரிகள் ஓடுகின்றன. பையைச் சேர்க்க வேண்டிய வேலை யந்திரங்களுக்குப் போய்விட்டது. நாம் இன்று ஓடுவது உடல் நலத்துக்காகவும், ஊர் ஒற்றுமைக்காகவும், சிலர் வேலைக்காகவும். எதற்காக ஓடினாலும் அந்தப் பழைய கணக்கு மாறவில்லை: புறப்பட்ட ஆள் ஊர் சேர வேண்டும். வரும் தைப்பொங்கலில் உங்கள் ஊர் மன்றம் ஓட்டப்போட்டிக்குத் திட்டமிடும்போது, பரிசுக் கோப்பையை வாங்குமுன் தண்ணீர்ப் பானைகளை எண்ணிப் பாருங்கள். விருந்தினர் பெயரை அச்சிடுமுன், கடைசி ஓட்டக்காரர் பின்னால் மிதிவண்டியில் வரப்போகிறவர் யார் என்று கேளுங்கள். அந்த வேலையை ஏற்க ஒருவரும் இல்லையென்றால் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.